குடிக்காதவர் சொன்ன சாட்சி

பள்ளிப் பேருந்தை ஓட்டிய அவரைப் பிள்ளைகள் ஆமை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார். சைக்கிளில் போகிறவன்கூட அந்தப் பேருந்தை முந்திவிட்டு, பாவமாக இருக்கிறதே என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பான். வளைவு வந்தால், வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, எழுந்து நிற்கிற வாண்டுகளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தை நகர்த்துவார். மணி அடித்த பிறகு பள்ளிக்கு வந்து சேர்ந்த நாட்கள் நிறைய உண்டு. ஆனால் அத்தனை வருட ஓட்டத்தில் தன் பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தது என்று ஒரு தாய் வந்து நின்றதில்லை.

பெருமைப்பட்டுக்கொள்ள இந்த ஆமை ஓட்டத்தை விட்டால் அவரிடம் இருந்தது இன்னொன்றுதான். அவர் குடிக்கமாட்டார். வேலைக்கு வந்த புதிதில் இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் இல்லை, லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்திலும் இல்லை. இது ஒரு பெருமையா என்று கேட்கிறவர்கள் அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவள் தையல்காரி. கல்யாணத்துக்கு முன்னால் வந்த வரன்களையெல்லாம் ஒரே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியவள். கை நிறையச் சம்பாதிக்கிறவன் ஒருவன், எப்போதாவதுதான் என்றான், அவனும் போனான். இவர் வந்தபோது பெரியவர்கள் நடுவில் நேருக்கு நேராகக் கேட்டாள், குடிப்பீங்களா என்று. சோடாகூட மூக்கில் ஏறும் என்று குடிப்பதில்லை என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்படியானால் சரி என்று மட்டும் சொன்னாள். வேறு எதையும் கேட்கவில்லை. வீடு இருக்கிறதா, நகை போடுவீர்களா, ஒன்றும் இல்லை.

ஏன் அப்படி என்பதைக் கல்யாணமான பிறகு ஒரு நாள் அவரிடம் சொன்னாள். அவளுடைய அப்பா மொடாக்குடியர். வீட்டில் சோறு போட்டது அவளுடைய அம்மாவின் தையல் மெஷின்தான். ஒரு நாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டார். மெஷினில் அவளுக்கென்று பாதி தைத்த மஞ்சள் சட்டை ஒன்று ஊசியில் மாட்டியபடி இருந்தது. அதைக்கூட எடுத்துவைக்கத் தோன்றாமல் அப்படியே தள்ளிக்கொண்டு போனார். அவள் தெருவில் வண்டிக்குப் பின்னால் ஓடினாள். மெஷினுக்காக ஓடும் வயசில்லை. அந்தச் சட்டைக்காக ஓடினாள். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நாளைக்கு நமக்கொரு பிள்ளை பிறந்தா அதுக்கும் தெரிய வேண்டாம்." அவர் தலையாட்டினார். பிறகு பெண் பிறந்தது, வளர்ந்தது, அதே பள்ளியில் சேர்ந்தது. அப்பாவின் பேருந்தில் முதல் ஆளாக ஏறிக் கடைசி ஆளாக இறங்கியது. தாத்தாவைப் பற்றிக் கேட்டால், சீக்கிரமே போய்விட்டார் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அது கிறிஸ்தவப் பள்ளி. கடைசி வகுப்பை முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே பட்டமளிப்பு நாள் என்று ஒன்று நடத்துவார்கள். பள்ளிக்கூடப் படிப்புக்கு என்ன பட்டம், என்ன அளிப்பு என்று வெளியே சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் இந்தப் பள்ளியில் இடம் கிடைத்தால் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். நீல அங்கி, தலையில் சதுரத் தொப்பி, ஆராதனை மண்டபத்தில் பியானோ, பூப்போட்ட மேடை என்று விழா ஜோராக இருக்கும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் முடித்துப் போகிற பிள்ளைகளில் ஒருவருடைய தாயோ தகப்பனோ மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தன் குடும்பத்தை எங்கிருந்து எங்கே கொண்டுவந்தார் என்று எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சாட்சியிலும் நல்ல சாட்சி, சப்பென்ற சாட்சி என்று இரண்டு ரகம். குழியில் விழுந்து கிடந்தேன், தூக்கிவிட்டார் என்பது நல்ல சாட்சி. விழாமலே நடந்து வந்தேன் என்பது சப்பென்ற சாட்சி. அதற்கு ஒரு ஈ, காக்கை கண் கலங்காது. ஒரு வருடம் மளிகைக் கடைக்காரர் ஒருவர், தான் எடையில் ஏமாற்றியதையும் மனம் திரும்பியதையும் சொல்லி மண்டபத்தையே அழவைத்தார். அவர் மகனுக்குக் கல்லூரி கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் கடையில் தராசின் முள்ளைப் பார்க்காமல் யாரும் சாமான் வாங்கியதில்லை என்பதை மட்டும் யாரும் மேடையேறிச் சொல்லவில்லை.

சாட்சிக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், முன்வரிசையில் ஒரு தம்பதி வந்து உட்காருவார்கள். கடல் தாண்டி எங்கோ இருக்கும் அறக்கட்டளைக்காரர்கள். இந்த மொழி தெரியாது. இங்கிலீஷ் டீச்சர் நடுவில் உட்கார்ந்து காதோடு சொல்லச் சொல்லத் தலையாட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளையை எடுத்துக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்வார்கள். யாருடைய சாட்சி அவர்கள் மனசைத் தொட்டதோ அவருடைய பிள்ளையைத்தான் எடுப்பார்கள் என்பது எழுதாத சட்டம். பள்ளியில் துடைப்பம் பிடிக்கிறவர் வரை எல்லோருக்கும் அது தெரியும்.

டிரைவரின் மகள் பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டாள். நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். அப்பா ஓட்டுகிற வண்டியும் அம்மா மிதிக்கிற மெஷினும் இரவு பகலாக ஓடினாலும் அந்தப் படிப்பின் வாசற்படியைக்கூடத் தொட முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்ததுதான். அதனால் பிரின்சிபல் ஐயா டிரைவரைக் கூப்பிட்டு, இந்த வருடம் சாட்சி நீங்கதான் என்று சொன்னபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிரின்சிபல் ஐயா போதகரும்கூட. மெதுவாகப் பேசுகிறவர், தோளில் கைபோட்டுப் பேசுகிறவர், உண்மையிலேயே பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறவர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகப் போய்விடும். அவர் கெட்டவர் இல்லை. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன சொல்லப் போறீங்க, சொல்லுங்க கேட்போம் என்றார். டிரைவர் எழுந்து நின்று கைகட்டிச் சொன்னார். தினமும் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஜெபம் பண்ணுகிறேன், இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை, கர்த்தருக்கு நன்றி. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிரின்சிபல் ஐயா இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல இருட்டே இல்லையே டிரைவர். இருட்டைச் சொன்னாத்தானே வெளிச்சம் தெரியும்?"

பிறகு இருவரும் சேர்ந்து இருட்டைத் தேடினார்கள். பெரிய வியாதி ஏதாவது வந்து பிழைத்தீர்களா? இல்லை. மனைவியோடு சண்டை போட்டுப் பிரிந்திருந்தீர்களா? இல்லை. வேறு பெண்? டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திருட்டு, சீட்டு, பொய்? அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்ட ஆட்ட, பரீட்சையில் பதில் தெரியாத பையனைப் போல அவருக்கே வெட்கமாகிவிட்டது. கடைசியில் பிரின்சிபல் ஐயா, குடி என்றார். தொட்டதே இல்லை ஐயா என்றார் டிரைவர்.

"தொடலை, சரி. ஆசைகூடப் பட்டதில்லையா? ஆண்டவர் சந்நிதியில இருக்கோம், யோசிச்சுச் சொல்லுங்க."

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இவரோ யோசித்தார். கேட்டால் உண்மையாக யோசிக்கிற ஜாதி அவர். லாரியில் கிளீனராக இருந்தபோது ஒரு மழைநாள் நினைவுக்கு வந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றபோது லாரி டிரைவர்கள் பாட்டிலைக் கைமாற்றிக் குடித்தார்கள், ஒரு வாய் குடித்தால் குளிர் விடுமே என்று நினைத்தார், குடிக்கவில்லை. அதை அப்படியே சொன்னார். பிரின்சிபல் ஐயாவின் முகம் மலர்ந்தது. மனசால் குடித்தாயிற்று, ஆண்டவர் பார்வையில் இரண்டும் ஒன்றுதான் என்றார். அதனால் குடிகாரனாக இருந்தேன் என்று சொல்வது பொய் ஆகாது, தாழ்மைதான் ஆகும் என்றார். கூடவே உருக்கமாக ஒரு சம்பவமும் வேண்டும், யோசித்து வையுங்கள் என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். பாவமே செய்யாதவரிடம் பாவத்தைத் தோண்டி எடுத்த திருப்தி அவருக்கு; தன்னிடமும் ஒரு பாவம் இருந்ததே என்ற ஆறுதல் இவருக்கு. இப்படி இரண்டு நல்லவர்கள் ஒரு அறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் மிச்சக் கதை.

மனைவியிடம் அவர் சாட்சி சொல்லப் போவதை மட்டும் சொன்னார். என்ன சாட்சி என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, தன் புருஷனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு. போதாக்குறைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த வருடம் அங்கிகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கிற வேலை அவளிடம்தான் வந்திருந்தது. மகளுடைய அங்கியைக் கடைசியாக எடுத்து, ஓரத்தைக் கையாலேயே தைத்தாள். உள்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் மஞ்சள் நூலால் ஒரு சின்னப் பூவும் போட்டாள். எதற்கு மஞ்சள் என்று மகள் கேட்டதற்கு, கையில் இருந்த நூல் அதுதான் என்றாள்.

விழா நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நீல அங்கியில் பிள்ளைகள் வரிசையாக வந்தபோது டிரைவருக்குத் தன் மகளைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. தன் வண்டியில் சன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி பெற்றோர் வரிசையில், கடைசி நிமிடம் வரை பிள்ளைகளின் அங்கிகளைச் சரிசெய்த குண்டூசிப் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு காலத்தில் குடிகாரனாக இருந்தேன் என்றார். மனைவி தலை நிமிர்ந்தாள். ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டார், இன்று வண்டி ஓட்டுகிறேன், என் மகள் படிக்கிறாள் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். இங்கிலீஷ் டீச்சர் காதோடு சொன்னதைக் கேட்டு, அந்தத் தம்பதி மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இதே தலையாட்டலைத்தான் அவர்கள் முன்பு ஒலிபெருக்கி ரிப்பேரானபோதும் ஆட்டினார்கள். பக்கத்திலிருந்து பிரின்சிபல் ஐயா மெல்ல, ஒரு சம்பவம் சொல்லுங்க டிரைவர் என்றார்.

அவரிடம் சம்பவம் இல்லை. குடித்தால்தானே இருக்கும்? இரண்டு நாளாக ஓடாத வண்டியில் உட்கார்ந்து யோசித்தும் வராத சம்பவம் மேடையில் எங்கிருந்து வரும்? கீழே மகள் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். அவள் உதடு ஜெபம் பண்ணுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. அப்போது அவர் வாயிலிருந்து அது வந்தது.

"எங்க வீட்டுல ஒரு தையல் மெஷின் இருந்துச்சு" என்றார்.

தொடங்கியதுதான் அவர், பிறகு அது தன்னால் ஓடியது. மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததைச் சொன்னார். தள்ளுவண்டியைச் சொன்னார். ஊசியில் மாட்டியிருந்த பாதிச் சட்டையைச் சொன்னார். மஞ்சள் நிறம் என்பதையும் விடவில்லை. வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடி வந்த மனைவியைத் தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்தது. ஆமை ஓட்டம் ஓட்டிய மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரேக்கே பிடிக்காமல் போனார். மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. முன்வரிசை அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். பிரின்சிபல் ஐயா கண்ணை மூடி, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்.

அழாமல் இருந்தது அவருடைய மனைவி ஒருத்திதான். மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, குண்டூசிகளை ஒன்றொன்றாக எடுத்துத் திரும்ப அதிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்து, எப்படித்தான் பொறுத்தாயோ தாயே என்றார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

அறக்கட்டளைக்காரர்கள் அங்கேயே அறிவித்துவிட்டார்கள். டிரைவரின் மகளைப் படிக்கவைப்பது தங்கள் பொறுப்பு. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மகள் அங்கி தடுக்க ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு சற்று விலகி, அவர் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"நிஜமாவாப்பா? நான் இருந்தேனா அப்போ?"

அந்தத் தம்பதி இரண்டடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபல் ஐயாவின் கை அவர் தோளில் இருந்தது. "நீ கைக்குழந்தை. உனக்கு ஞாபகம் இருக்காதும்மா" என்றார் டிரைவர். முதலில் சொன்னது தாழ்மை என்று வைத்துக்கொண்டாலும் இது சுத்தமான பொய். இதற்கு வேதத்திலும் இடமில்லை, பிரின்சிபல் ஐயாவின் விளக்கத்திலும் இடமில்லை. பிறகு மூன்று பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் மனைவி கேமராவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். மகள் சிநேகிதிகளோடு கொண்டாடப் போயிருந்தாள். மனைவி மெஷின் மேல் உறையை இழுத்து மூடிவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி நின்றாள். அவர், பிள்ளை படிப்புக்காகத்தான், வாயில் வேறு எதுவும் வரவில்லை என்று தொடங்கினார். அவள் அவரை முடிக்க விடவில்லை.

"எங்க அப்பா செத்து இத்தனை வருஷம் ஆச்சு. நிம்மதியா இருந்தேன். இன்னிக்கு மேடையில உங்க வாயில உக்காந்துக்கிட்டு என்னைப் பார்த்தாரு."

மன்னிச்சுடு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்: "பிள்ளைகிட்ட நிஜத்தைச் சொல்லிடாதீங்க. அவ நேரா போய் அவங்ககிட்ட சொல்லிடுவா. படிப்பு போயிடும்." குடிக்கிறவன் வேண்டாம் என்று ஒவ்வொருவனாக ஒதுக்கி, தேடிப் பிடித்துக் கல்யாணம் பண்ணியவள், அன்றைக்குத் தன் வாயாலேயே குடிகாரன் பெண்டாட்டி ஆனாள். யாரைக் குறை சொல்வது? அன்று இரவுச் சாப்பாட்டை அவருக்கு எடுத்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பனைமரத்துக்குக் கீழே நின்று பால் குடித்தாலே கள் என்று சொல்லும் உலகம் இது. இவரோ பாலைக் கையில் வைத்துக்கொண்டு இது கள் என்று மைக்கில் சொன்னவர். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், வழக்கமாக வணக்கம் சொல்லும் ஒரு தாய், பிள்ளையை ஏற்றிவிடும் சாக்கில் படியில் ஏறி அவர் முகத்தருகே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவருக்கு முதலில் புரியவில்லை. அடுத்த நாள் இன்னொருத்தி செய்தாள். ஒரு அப்பா தன் பையனைத் தன் வண்டியிலேயே கொண்டுவிடத் தொடங்கினார். பிறகு பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மனம் திரும்பியது சந்தோஷம், ஆனால் பழக்கம் திரும்ப எத்தனை நேரம் ஆகும், அதுவும் பிள்ளைகள் இருக்கிற வண்டி என்றார்கள். சாட்சி நாளில் அதிகமாக அழுதவர்களே அதை அதிகமாகச் சொன்னார்கள்.

பிரின்சிபல் ஐயா அவரைக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான், சாவியைக் கேட்டார். டிரைவர் சாவியை எடுத்து மேஜையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் குடிச்சதே இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் என்னன்னு சொல்றது டிரைவர்? உங்க மெஷின் கதையை நான் சொல்லச் சொன்னேனா? அத்தனை பேர் முன்னாடி நீங்கதானே அழுதுக்கிட்டுச் சொன்னீங்க. இப்போ அது பொய்னா, பாப்பா படிப்பு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையைத் தட்டிக் கத்தவைத்தவரைப் பற்றி யாரும் பழமொழி சொல்லவில்லை. டிரைவர் யோசித்துப் பார்த்தார், கேட்டால் யோசிக்கிறவர்தானே. சாவியை மேஜையில் வைத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த அளவுக்குப் பள்ளிக்கு இரக்கம் இருந்தது. வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். புதிதாக வந்த டிரைவர் காற்றாகப் பறப்பார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அவர் சட்டைப்பையில் எந்நேரமும் ஏலக்காய் இருக்கும். அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவர்தான் சாட்சி சொல்லவில்லையே.

கேட்டைத் திறந்து பேருந்தை உள்ளே விடும்போதெல்லாம் பழைய டிரைவர் முன்சக்கரத்தைப் பார்ப்பார். காற்று குறைந்திருந்தால் சொல்வார். புது டிரைவர் கேட்டுக்கொண்டதுபோல் கையாட்டிவிட்டுப் போவார். ஆமை மாமா என்று கூப்பிட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படித்து முடித்துப் போனார்கள். பிறகு வந்தவர்களுக்கு அவர் வெறும் கேட்காரர். மனைவி அதற்குப் பிறகு அங்கிக்கு ஓரம் தைக்கவில்லை, பட்டமளிப்பு நாளுக்கும் வரவில்லை. அவர் மேல் கோபம் குறையாமல் இல்லை. குறைந்தது. ஆனால் முன்பு சோடா என்று யாராவது சொன்னாலே அவரைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

மகள் படித்து முடித்தாள். நன்றாகவே முடித்தாள், பெரிய மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. அந்த வருடப் பட்டமளிப்பு நாளுக்கு அவளையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மனைவி அன்றைக்கு வந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, மண்டபத்துக்குள் போகாமல் கேட்டருகே கணவர் உட்காரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். வெளியே மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. உள்ளே நடப்பது அத்தனையும் இங்கே கேட்டது.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. பிரின்சிபல் ஐயா, இந்த வருடம் சாட்சி சொல்லப் போவது தகப்பன் இல்லை, மகள் என்றார். கைதட்டினார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அவர்கள் மகளின் குரல் வந்தது. கொஞ்சம்கூட நடுங்காத குரல். பல கூட்டங்களில் சொல்லிப் பழகிய குரல்.

"எங்க வீட்டுல ஒரு தையல் மெஷின் இருந்துச்சு. எனக்காக அம்மா அதுல ஒரு மஞ்சள் சட்டை தைச்சிட்டிருந்தாங்க. அப்பா குடிக்கிறதுக்காக அதைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப, அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு வண்டி பின்னாடி ஓடினாங்க. அப்போ நான் கைக்குழந்தை. ஆனா அந்த வண்டிச் சக்கரத்தோட சத்தம் இன்னும் என் காதுல கேக்குது."

மனைவி எழுந்துவிட்டாள். மண்டபத்தைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது, படிப்பு முடிந்துவிட்டது, யாரும் திருப்பிப் பிடுங்கிக்கொள்ள முடியாது. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், அவர் அப்படிப்பட்டவர் இல்லையடி, அந்தச் சட்டை உன்னுடையது இல்லையடி, என்னுடையது என்று. டிரைவர் அவள் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இப்போது சொன்னால் பொய் சொன்னவள் என்ற பெயர் மகளுக்கு வரும், அதுவும் அவள் கௌரவமாக நிற்கிற மேடையிலேயே. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உள்ளே அழுகைச் சத்தமும் ஸ்தோத்திரச் சத்தமும் கலந்து வந்தன.

விழா முடிந்து கூட்டம் வெளியே வந்தது. நீல அங்கிப் பிள்ளைகள், கையில் பூச்செண்டு, ஆளுக்கொரு கேமரா. மகள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே கேட்டுக்கு வந்தாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். தகப்பனும் மகளும் சந்திப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"உங்களை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்ப்பா. நீங்க அதை நினைச்சு இனிமே தலை குனியக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனைவி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"சரிம்மா" என்றார் அவர். பின்னால் கார் ஒன்று ஹாரன் அடித்தது. மகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்துவிடப் போனார்.